கூப்பனின் பின்பக்கம்

அவருடைய கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். வெள்ளி நிறத்தில் எழுதும் பேனா. தோலில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே அதால் ஒரு வட்டம் போடுவார்கள். குறையைச் சரிசெய்தபின் துணியால் அழுத்தித் தேய்த்தால் வட்டம் போய்விடும். ஷூ கம்பெனிச் செக்கர்கள் எல்லாரிடமும் அந்தப் பேனா உண்டு. மற்றவர்கள் ஏப்ரன் பையில் வைத்திருப்பார்கள். இவர் மட்டும் கொண்டையில் வைத்திருப்பார், பூ வைத்த நாளில் பூவுக்குப் பக்கத்திலேயே.

பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆம்பூரில் அவரோடு வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். மற்றவர்களுக்குப் பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தொழிலாளிகள் அவரைச் செக்கர் அக்கா என்று கூப்பிடுவார்கள். தைத்து முடித்த ஷூவின் மேல்பாகங்களைப் பிரித்துப் பார்த்து, தையல் விலகியிருக்கிறதா, தோலில் வடு இருக்கிறதா என்று சொல்லும் வேலை. நான் அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் இன்சார்ஜ். இன்சார்ஜ் என்றதும் எனக்குக் கீழே பத்து பேர் இருந்ததாக நினைக்க வேண்டாம். நான், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, அவ்வளவுதான். முதலாளி அறையை விட்டால் ஏசி இருந்த ஒரே அறை என்னுடையது என்பதால், சத்துவாச்சாரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போதே என் கழுத்து கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று எல்லாரையும் பயமுறுத்திக்கொண்டிருந்த காலம் அது. நாங்களும் எங்கள் பங்குக்குப் பயமுறுத்தினோம். அதனால் என் அறைக்குள் யாரும் லேசில் வர மாட்டார்கள். அவர் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏப்ரனை உதறிவிட்டு, கதவருகே நின்றார்.

"சார், கதவ சாத்திக்கலாமா?"

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு பெண், கதவைச் சாத்தவா என்று கேட்கிறார், வெளியே இருநூறு பேர் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி சாத்துங்கள் என்றேன். பாதி சாத்தினார்.

"உங்க புரோகிராம்ல ஒரு ஓட்ட இருக்குது சார்."

நடந்தது இதுதான். செக்கிங் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தோம். எந்தக் கட்டு பாஸ், எந்தக் கட்டு ஃபெயில் என்று செக்கர் தன் ரகசிய எண்ணைப் போட்டுத்தான் அதில் பதிய முடியும். அந்த எண் இல்லாமல் ஒரு ஜோடி ஷூகூட வெளியே போகாது என்று முதலாளியிடம் நானே மார்தட்டியிருந்தேன். கீபோர்டில் தோல்தூசி படிந்திருக்கிறதே என்று இவர் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்திருக்கிறார். ஏதோ ஒரு சாவி இரண்டு மூன்று தரம் அமுங்கியிருக்கிறது. திரை மொத்தமும் அழிந்து, மூலையில் ஒரு புள்ளி மட்டும் நின்றிருக்கிறது. அந்தப் புள்ளி என்னவென்று எனக்குத் தெரியும். அங்கிருந்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஃபெயிலைப் பாஸாக்கலாம், முழு ஃபைலையும் அழிக்கலாம். ரகசிய எண்ணெல்லாம் வாசல் கதவுக்குத்தான், நான் பின்சுவரையே கட்டாமல் விட்டிருந்தேன்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றேன்.

"உங்களுதுதானே சார் ஓட்ட. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்." பிறகு கேட்டார்: "எத்தினி நாள்ல சரி பண்ணுவீங்க?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. ஒரு செக்கர் எனக்குத் தேதி வைக்கிறாரா? பத்து நாள் ஆகும் என்றேன், வேண்டுமென்றேதான். அரை நாள் வேலை அது. அவர் தலையை ஆட்டிவிட்டு, கொண்டையிலிருந்து பேனாவை உருவி, கையிலிருந்த சீட்டில் தேதியைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் செய்யவில்லை. வீம்பு. ஒன்பதாம் நாள் சாயங்காலம் மறுபடியும் வந்தார்.

"நாளைக்குப் பத்தாவது நாள் சார். நாளைக்கும் ஆகலைனா நாளானிக்கு மேனேஜர்கிட்ட போறேன். உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் போறேன்."

மிரட்டல் போலவே இல்லை. பால் பாக்கெட் நாளைக்கு வராது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்களே, அந்தக் குரல். மறுநாள் காலையிலேயே உட்கார்ந்து அடைத்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பனியன் வேஸ்ட்டை எடுத்து, எல்லாச் சாவியையும் அழுத்தி அழுத்தி ஒரு தரம் துடைத்துப் பார்த்தார். புள்ளி வரவில்லை. "சரியாப்போச்சு சார்" என்று மேஜையை ஒருமுறை தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அடுத்த ஒரு மாதம் நான் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். கேன்டீனில், கம்பெனி பஸ்ஸில், எங்கேயாவது இந்தக் கதை என் காதுக்குத் திரும்பி வரும் என்று. வரவே இல்லை. அந்தக் கம்பெனியில் ஒருவர் புதுச் சட்டை போட்டாலே மதியத்துக்குள் எல்லாத் தையல் லைனுக்கும் தெரிந்துவிடும். என் மானம் போகிற கதை ஒரு பெண்ணின் வாயைத் தாண்டவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அன்றிலிருந்துதான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அவர் வேலை செய்கிற விதமே வேறு. குறை கண்டுபிடித்தால் மற்ற செக்கர்கள் இருந்த இடத்திலிருந்தே தைத்தவளின் டோக்கன் நம்பரைச் சொல்லிக் கத்துவார்கள். லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், தைத்த பெண் தலையைக் குனிந்துகொள்வாள். இவர் அந்தப் பீஸை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டு போவார். அவள் மெஷின் பக்கத்தில் குனிந்து, எதையோ கீழே தேடுகிற மாதிரி நின்று, வட்டத்தைக் காட்டுவார். "எப்ப குடுப்ப?" என்பார். அவள் சொல்லும் நேரம்தான் நேரம், இவர் குறைக்க மாட்டார், கூட்டவும் மாட்டார். சரிசெய்து வந்தால் வட்டத்தை அவரே தேய்த்து அழித்துவிடுவார். இவர் பார்த்த பீஸில் யார் தவறு செய்தார்கள் என்று சூப்பர்வைசருக்கே தெரியாது.

இது கம்பெனியோடு நிற்கவில்லை. என் மகளின் ஞானஸ்நானத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவியை மெல்லச் சமையலறைக்குள் கூட்டிப்போய், "கேஸ் ட்யூப் பின்னாடி வெடிச்சிருக்குது பாருங்க. எத்தினி நாள்ல மாத்துவீங்க?" என்று கேட்டிருக்கிறார். மனைவி ஒரு வாரம் என்று சொல்லிவிட்டாள். எட்டாம் நாள் காலையில் மனைவிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "அந்தம்மா வந்து நிப்பாங்க, போய் வாங்கிட்டு வாங்க" என்று என்னைக் கடைக்குத் துரத்தினாள். ஆம்பூரிலிருந்து சத்துவாச்சாரிக்கு ட்யூபைப் பார்க்க யாராவது வருவார்களா என்றேன். கேட்டேனே தவிர, எனக்கும் நிச்சயமில்லை. போய் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

எல்லாரும் என்னைப் போலச் சும்மா இருந்துவிடவில்லை. தையல் ஹாலின் பின்பக்கம் அவசரத்துக்கு ஒரு கதவு உண்டு. தோல்துண்டுகளை யாரோ அந்த வழியாகக் கடத்துகிறார்கள் என்று செக்யூரிட்டி ஆபீசர் அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டார். உள்ளே டின் டின்னாக சொல்யூஷன், அந்தப் பசைக்கு ஒரு பொறி போதும். இவர் செக்யூரிட்டி ஆபீசரிடம் போய்ச் சொன்னார். நாள் கேட்டார். அவர் பட்டாளத்தில் இருந்தவர், "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று விரட்டினார். அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு, "மேனேஜர்கிட்ட போறேன் சார், சொல்லிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பூட்டு போனது. கூடவே இவரும் செக்கிங் மேஜையிலிருந்து போனார். நூல் வெட்டும் மேஜையில் மூன்று மாதம். சேர்ந்த முதல் நாள் கொடுக்கிற வேலை அது. பதினைந்து வருஷம் ஆனவர் அங்கே உட்கார்ந்து, தையல் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தார். பேனா கொண்டையிலேயே இருந்தது.

"பேஜாரா இல்லையாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கதவு தொறந்திருக்குதா இல்லியா சார், அதச் சொல்லுங்க" என்றார்.

திறந்துதான் இருந்தது. தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் அவரே ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் போவார் என்று பிறகு தெரிந்தது.

இப்போது பெட்டி கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளிகள் பெயர் சொல்லாமல் புகார் எழுதிப் போட ஒரு பெட்டி வேண்டும் என்றது. வாராவாரம் திறந்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி முகப்போடு ஒரு பெட்டி மாட்டினோம். கமிட்டி மூன்று பேர்: பர்சனல் மேனேஜர், நான், தொழிலாளிகள் சார்பாக இவர். நூல் மேஜையிலிருந்து திரும்பி வந்திருந்தவரை எல்லா லைனும் சேர்ந்து கைதூக்கித் தேர்ந்தெடுத்தது.

பெட்டி வைத்தோமே தவிர, எழுத ஒரு துண்டுக் காகிதம் வைக்கவில்லை. தைக்கிறவர்கள் கையில் எந்நேரமும் இருக்கிற காகிதம் ஒன்றுதான், கூப்பன். ஒவ்வொரு கட்டுத் தோலோடும் ஒரு கூப்பன் வரும். தைத்து முடித்ததும், எந்த நம்பர்க் கூப்பனின் கட்டை எந்த டோக்கன்காரர் தைத்தார் என்று லைன் கிளார்க் கம்ப்யூட்டரில் பதிந்துவிடுவார். அதற்குப் பிறகு கூப்பன் வெறும் காகிதம். பெண்கள் அதில் மளிகைச் சாமான் எழுதுவார்கள், பிள்ளைகளுக்குக் கப்பல் செய்துகொடுப்பார்கள். புகாரும் அதன் பின்பக்கத்தில்தான் எழுதினார்கள். உஷாராக இருப்பதாக நினைத்து, தங்கள் டோக்கன் நம்பர் எழுதியிருந்த ஓரத்தை மட்டும் கிழித்துவிட்டார்கள். கூப்பனின் சொந்த நம்பர் நடுவில் அச்சாகியிருந்தது. அதைப் பெரிய எழுத்தில் நடுவில் அச்சடிக்கச் சொன்னவன் நான். என் புரோகிராமின் பெருமையே அந்த நம்பர்தான்.

ஒரு சனிக்கிழமை இவர் லீவு. நானும் பர்சனல் மேனேஜரும் மட்டும் திறந்தோம். ஒரு சூப்பர்வைசர் பெண்களிடம் கெட்ட வார்த்தை பேசுகிறார் என்று ஒரு சீட்டு. மேனேஜர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த நம்பர் யாருதுன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுமா?"

சொல்லுமா என்று கேட்டதும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தட்டினேன், டோக்கன் நம்பரும் பெயரும் வந்தன. "பலே" என்றார். டீ வரவழைத்தார், குடித்தோம். அந்தப் பெண்ணை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசைதான். தெரியும். ஆர்டர் கம்மி, நாலு பேரை நிறுத்தினார்கள், அதில் அவளும் ஒருத்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றிரண்டு மாதம் போனது. ஒரு புதன்கிழமை காலை இவர் என் அறைக்கு வந்தார். இந்த முறை அனுமதி கேட்காமல் கதவை முழுசாகச் சாத்தினார்.

"சார், அந்தப் பொட்டியில ஓட்ட இருக்குது. கூப்பன்ல எழுதுறாங்க. கூப்பன் நம்பர உங்க கம்ப்யூட்டர்ல போட்டா ஆள் தெரிஞ்சிடும். சரிதானா?"

"சரிதான்."

"யாருக்காவது அப்படிப் பாத்துச் சொன்னீங்களா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆமாம், அன்றைக்கு நிறுத்தினார்களே அந்தப் பெண்ணின் சீட்டைத்தான் என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "அத அப்புறம் பேசலாம்" என்றார். "இப்ப உள்ள ஒரு மஞ்ச சீட்டு கிடக்குது. கண்ணாடியில தெரியுது. மஞ்சன்னா நாலாம் லைன். சனிக்கிழம தொறப்பாங்க. அதுக்குள்ள சரி பண்ண முடியுமா?"

நம்பர் தெரியாமல் எதை அழிப்பது? ஒரு லைனின் ரெக்கார்டு மொத்தத்தையும் அழித்தால் அடுத்த நாளே நான் மாட்டிக்கொள்வேன். "நம்பர் போட்டா வரலைன்னு பொய் சொல்லிடறேன்" என்றேன். உண்மையிலேயே அதற்குத் துணிந்திருந்தேன்.

"வேணாம் சார். ஒருவாட்டி பொய் சொன்னா அப்புறம் நீங்க எது சொன்னாலும் பொய்யாத்தான் இருக்கும்." யோசித்தார். "நான் ஒரு கட்ட மறுபடி பிரிச்சுப் பாத்து ரீசெக் போட்டா, அந்தக் கூப்பனுக்கு யார் நம்பர் வரும்?"

"ரீசெக்னா பாத்தவங்க நம்பர்தான். உங்களுது. பழசு நிக்காது."

"தச்சவங்களுக்குக் கூலி குறையுமா?"

"அன்னன்னிக்கு சாயங்காலமே கூலிக்கு மொத்த எண்ணிக்கைய தனியா எடுத்துடுறோம். குறையாது."

தலையை ஆட்டினார். நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பது எனக்கே அப்போது புரியவில்லை.

என் அறையிலிருந்து நேராகப் பர்சனல் மேனேஜரிடம் போனார். பெட்டி அவருடைய பொறுப்பு, அதனால் அவரிடமும் சொல்ல வேண்டும். பெட்டியில் ஓட்டை இருக்கிறது, அடைக்கும்வரை திறக்க வேண்டாம் என்று சொன்னார். அடைக்க ஒரு மாதம் ஆகும் என்றார் மேனேஜர். மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்தச் சனிக்கிழமை திறக்காதீர்கள் என்றார் இவர். திறக்காவிட்டால் ரிஜிஸ்டரில் வாரம் விட்டுப்போகும், வெளிநாட்டுக்காரன் கேட்பான், முடியாது என்றுவிட்டார் மேனேஜர். "அப்ப திங்கக்கிழம முதலாளிகிட்ட போறேன் சார். உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் போறேன்." போ என்றார்.

அன்று மதியத்திலிருந்து சனிக்கிழமைவரை அவர் நாலாம் லைனின் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் தைத்து அடுக்கியிருந்த அத்தனை கட்டும். ரீசெக் போட எந்தச் செக்கருக்கும் உரிமை உண்டு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பிரிக்காமலே கம்ப்யூட்டரில் தட்டியிருக்கலாமே, யார் பார்க்கப் போகிறார்கள்? அவர் ஒவ்வொரு பீஸையும் கையில் எடுத்து, திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்த பிறகே தட்டினார். சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்கவில்லை. ஏன் இந்த வேகம் என்று கேட்ட சூப்பர்வைசரிடம், "பாக்கணும்னு தோணுச்சு, பாக்கறேன்" என்றாராம். அந்த மூன்று நாளில் அவர் உண்மையாகவே பதினோரு குறைகளைக் கண்டுபிடித்தார். அதையும் வழக்கம்போல ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டு போய்த்தான் காட்டினார்.

சனிக்கிழமை பெட்டியை என் அறையில் வைத்துத் திறந்தோம். அந்த மஞ்சள் சீட்டு ஒன்றுதான் இருந்தது. நாலாம் லைனில் சொல்யூஷன் தடவும் இடத்தில் புகை உறிஞ்சும் ஃபேன் இரண்டு மாதமாக ஓடவில்லை, ஓடுவதாகத் தினமும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறார்கள், இரண்டு பேர் மயங்கி விழுந்தாயிற்று என்று எழுதியிருந்தது. மேனேஜர் படித்துவிட்டுச் சீட்டை இவரிடம் நீட்டினார். இவர் வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, என் ஏசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலாம் லைனில் இருந்த ஒவ்வொருத்தியின் கையெழுத்தும் அவருக்குத் தெரியும். பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்கவில்லை.

மேனேஜர் சீட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "பாருங்க" என்றார்.

அந்தக் கூப்பன் போன வாரத்துடையதாக இருந்தால்? கட்டு ஏற்கெனவே அடுத்த டிபார்ட்மென்டுக்குப் போயிருந்தால்? நம்பரை அடித்தேன். திரையில் டோக்கன் நம்பர் வந்தது, பக்கத்தில் பெயர் வந்தது. என் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றவரின் பெயர்.

மேனேஜர் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நீயாம்மா எழுதுன?"

"நான் எழுதல சார். ஆனா நம்பர் என்துதான். நாலாம் லைன் கட்டெல்லாம் நான் ரீசெக் போட்டேன், ரிஜிஸ்டர்ல இருக்குது. ரெண்டும் நெஜம்."

"இதுக்கு முன்னாடி இருந்த நம்பர எடுங்க" என்றார் என்னிடம்.

"இல்ல சார், நிக்காது" என்றேன். பொய் சொல்லத் தேவையில்லாமல் உண்மையைச் சொல்வது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எழுதாத எம்மேல காட்டுது பாருங்க சார். நாளைக்கு யார் மேல வேணா காட்டும். போன தடவ இது சொன்னத நம்பித்தான ஒரு பொண்ண நிறுத்துனீங்க? அவதான் எழுதுனாள்னு உங்களுக்கு இன்னா நிச்சயம்? எழுதுனவங்களக் காட்டிக் குடுக்குது, எழுதாதவங்களையும் மாட்டி விடுது. ரெண்டு ஓட்ட சார். புதன்கிழம ஒண்ணுதான் சொன்னேன்."

நான் கும்பிட்டிருப்பேன், மேனேஜர் இருந்ததால் சும்மா இருந்தேன். ஓட்டை இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், காட்டினால்தான் நம்புவார்கள். காட்ட வேண்டுமென்றால் அதில் யாராவது விழ வேண்டும். தானே விழுந்து காட்டிவிட்டார்.

என்னை அதைவிடத் திகைக்க வைத்தது திங்கட்கிழமை. முதலாளியிடம் போகப்போவதாகச் சொன்னவர், காலையில் பர்சனல் மேனேஜர் அறைக்குப் போய், "நீங்களே சொல்லுங்க சார். நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார். மேனேஜரும் யோசித்துப் பார்த்தார். தன்மேல் புகாராகப் போக வேண்டியது தன் கண்டுபிடிப்பாகப் போகிறதென்றால் யாருக்குக் கசக்கும்? அவரே முதலாளியிடம் ஓட்டையை விளக்கினார். இவர் பக்கத்தில் நின்று மூன்றே விஷயம் கேட்டார். பெட்டிக்குக் கண்ணாடி வேண்டாம், பக்கத்தில் வெள்ளைத்தாள் வேண்டும், யார் எழுதினார்கள் என்று தேடுகிறவர்மேல்தான் நடவடிக்கை என்று தமிழிலும் உருதுவிலும் எழுதி, முதலாளி கையெழுத்தோடு போர்டில் ஒட்ட வேண்டும். மூன்றும் நடந்தது. ஃபேன் மறுநாளே ஓடியது. நிறுத்திய பெண்ணைத் திரும்ப எடுக்கவும் முதலாளி ஒப்புக்கொண்டார். மேனேஜருக்கு எல்லார் முன்னாலும் பாராட்டு கிடைத்தது.

எனக்குத்தான் வயிறு எரிந்தது. "எல்லாப் பேரும் அவருக்குப் போச்சேம்மா" என்றேன்.

"ஓட்ட அடைஞ்சுதா இல்லியா சார்?" என்றார். பிறகு, "அப்புறம் பேசலாம்னு ஒண்ணு சொல்லியிருந்தேனே" என்றார்.

அந்தப் பெண்ணைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடும் லெட்டர் டைப் ஆகியிருந்தது. பியூனிடம் கொடுத்து அனுப்புவதாக இருந்தார்கள். நீங்கள் கொண்டுபோங்கள் என்றார். கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், அதற்கென்ன என்றேன்.

"லெட்டர் கம்பெனி குடுக்குது. நீங்க இன்னா குடுக்கப் போறீங்க?"

எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி நின்றேன். அவரே சொன்னார்: "யார் சொல்லி மாட்டுனோம்னு அவளுக்குத் தெரியாது சார். அது உங்களுது. நீங்கதான் சொல்லணும்." எல்லாரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். இந்தத் தடவை நான் பத்து நாள் சொல்லவில்லை. இன்றைக்கே என்றேன்.

வேலை முடிந்து கிளம்பினோம். வழி தெரியாது என்பதால் அவரும் வந்தார். பாலாற்றை ஒட்டி ஒரு தெரு, வெளிச்சம் இன்னும் இருந்தது, பிள்ளைகள் ஆற்று மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தெருமுனை வந்ததும் அவர் நின்றுவிட்டார். அஞ்சாவது வீடு என்று கையைக் காட்டினார். அந்த ஐந்து வீட்டுத் தூரத்தில், லெட்டரை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் நினைத்தேன்.

அவள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், கம்பெனியில் நிற்பது போலவே. நான் லெட்டரை எடுக்கவில்லை. அதை எடுத்தால் மற்றது வாயில் வராது என்று எனக்குத் தெரியும். நீ பெட்டியில் போட்ட சீட்டை மேனேஜர் கொடுத்தார், கூப்பன் நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டு உன் பெயரைச் சொன்னவன் நான்தான் என்றேன். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. கோபம் என்று நினைத்தேன், திட்டட்டும் என்று நின்றேன்.

"கம்ப்யூட்டரா சார்?" என்றாள்.

"ஆமாம்."

"வேற யாரும் சொல்லலியா? பக்கத்து மெஷின்ல இருந்தாளே, அவ சொல்லலியா?"

"யாரும் சொல்லல. நான்தான்."

"அவகிட்ட மட்டும்தான் சார் சொல்லியிருந்தேன், எழுதுனத." முறம் கையிலிருந்து நழுவியது. "அன்னிலேந்து அவ மூஞ்சியக்கூட பாக்கறதில்ல சார். அவ புள்ளைக்குக் காது குத்துனாங்க, நான் போகல."

நான் லெட்டரை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டி, செருப்புகூடப் போடாமல், தெருவில் இறங்கி ஓடினாள். நாலு வீடு தள்ளிப் போய் ஒரு கதவைத் தட்டினாள். தெருமுனையில் நின்றிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார். கதவு திறந்தது. பக்கத்து மெஷின்காரிதான். இவள் பேசியது நான் நின்ற இடம்வரை கேட்டது.

"நீ இல்லடி. நீ இல்ல."